பெல்ட்டைக் கட்டைவிரலால் அளக்காதீர்கள்

நெல் மில்லோ மாவு மில்லோ, பெல்ட் மாட்டும்போது முதலாளி பக்கத்தில் நின்று சொல்வது ஒன்றுதான்: "இன்னும் ரெண்டு சுத்து டைட் வைப்பா, நழுவக் கூடாது." நான் வைப்பதில்லை. பெல்ட் நழுவினால் பெல்ட்டும் புல்லியும்தான் தேயும். அளவுக்கு மேல் இறுக்கினால் மோட்டாரின் புல்லிப்பக்க பேரிங் சூடேறிப் போகும், அதற்குப் பிறகு ஷாஃப்ட்டுக்கும் ஆபத்து. முழு லோடில் நழுவாமல் இழுக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு இறுக்கம் வேண்டுமோ, அதுதான் சரியான இறுக்கம்.

அதைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துச் சொல்லவே முடியாது. என் பையில் ஒரு ஸ்பிரிங் தராசும் ஸ்டீல் ஸ்கேலும் எப்போதும் இருக்கும். முதலில் மெயினை அணைத்து, பீஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். ஒரு புல்லியை விட்டு பெல்ட் கிளம்பும் இடத்திலிருந்து அடுத்த புல்லியைத் தொடும் இடம் வரை அளக்க வேண்டும். ஒவ்வொரு 100 மில்லிமீட்டருக்கும் 1.6 மில்லிமீட்டர் வளைவு என்பது கணக்கு. இடைவெளி 600 என்றால் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். இரண்டு புல்லிக்கும் மேல் ஒரு நூலை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, சரியாக நடுவில் தராசின் கொக்கியை மாட்டி, பெல்ட்டுக்குச் செங்குத்தாக இழுக்கிறேன். அந்த 10 மில்லிமீட்டர் வரும்போது முள் எங்கே நிற்கிறது என்பதுதான் விடை. 6 அங்குலச் சின்னப் புல்லியில் ஓடும் பி பெல்ட் என்றால் 3 கிலோ பக்கம், புது பெல்ட்டுக்கு 4 கிலோ பக்கம் இருக்கலாம். பெல்ட் வகையும் புல்லி அளவும் மாறினால் இந்த எண்ணும் மாறும், ஆகவே பெல்ட் கம்பெனி தரும் அட்டவணையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூன்று நான்கு பெல்ட் ஓடும் இடத்தில் ஒவ்வொன்றையும் தனித்தனியே அளக்க வேண்டும். ஒன்று மட்டும் தொங்கினால் செட்டையே மாற்றுங்கள். பழசோடு ஒரு புதுசைச் சேர்த்தால் சுமை முழுக்கப் புதுசின் தலையில் விழும்.

இறுக்கத்துக்கு முன்னால் நேர் பார்க்க வேண்டும். இரண்டு புல்லியின் முகத்திலும் நூல் பிடித்தால் அது நான்கு இடத்திலும் தொட வேண்டும் (இரண்டு புல்லிக்கும் விளிம்பு கனம் ஒன்றாக இருந்தால்தான் இது பொருந்தும்). ஜாக் போல்ட்டை இரு பக்கமும் சமமாகத் திருகிக்கொண்டே புல்லியைக் கையால் சில சுற்று சுற்றிவிட்டால் பெல்ட் காடியில் சரியாக உட்காரும். பெல்ட்டின் அடிப்பாகம் காடியின் தரையைத் தொட்டால் இறுக்கிப் பயனில்லை. வி பெல்ட் பிடிப்பது பக்கச் சுவரில். அடி தொட்டால் காடியோ பெல்ட்டோ தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பெல்ட் புதுசு என்றால் புல்லியைத்தான் மாற்ற வேண்டும்.

ஸ்க்ரூ டிரைவரை நெம்பி பெல்ட்டை ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். உள்ளே இழுவையைத் தாங்கும் நூல் அப்போதே அறுந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. சில மாதத்தில் பெல்ட் பிய்ந்ததும் பழி கம்பெனி மேல் விழும். மோட்டாரை ரெயிலில் முன்னே தள்ளினால் பெல்ட் கையாலேயே ஏறிவிடும். சத்தம் வருகிறது என்று வி பெல்ட்டில் குங்கிலியப் பொடி போடுவதும் வேண்டாம். சத்தம் அடங்கும், நழுவல் அப்படியே இருக்கும், தூசியும் ஒட்டும்.

நழுவலை டேக்கோமீட்டர் காட்டிக்கொடுக்கும். லோடு ஓடும்போது இரண்டு ஷாஃப்டையும் அளக்க வேண்டும். மோட்டார் 1440 சுற்று, 6 அங்குலப் புல்லி 12 அங்குலத்தை ஓட்டுகிறது என்றால் மறுபக்கம் 720 வர வேண்டும். ஒன்றிரண்டு சதவீதம் குறைவது இயல்பு. 690 என்றால் 4 சதவீதம் போய்விட்டது, அங்கே இறுக்கம் போதவில்லை.

புது பெல்ட் காடியில் படிந்து, ஓட ஓடத் தளரும். ஆகவே 24 மணி நேரம் ஓடிய பிறகு மறுபடி அளந்து பழைய பெல்ட்டுக்கான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இந்த இரண்டாவது வேலைக்குத்தான் யாரும் கூப்பிடுவதில்லை. நானே போன் செய்து போகிறேன். சீசனில் மில்லை நிறுத்த மனசு வராது என்பது எனக்கும் தெரியும். ஆட்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போகும் நேரம் இதற்குப் போதும்.