மகளை நர்ஸ் படிப்பில் சேர்க்கும் முன்



ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தாலே நம் குழுக்களில் உள்கடன் கேட்பது கூடிவிடும். அதிலும் "மகளை நர்சுக்குப் படிக்க வைக்கிறேன்" என்று ஒரு உறுப்பினர் சொன்னால் உடனே தீர்மானம் போட்டுவிடுகிறோம். நல்ல எண்ணம்தான். ஆனால் எந்தப் படிப்பு என்று கேட்கிறோமா?

நடந்த கதை

சில வருடங்களுக்கு முன் ஒரு குழுவில் ஒரு அம்மா மகளுக்காக 45,000 ரூபாய் கேட்டாங்க. "ஒரே வருடத்தில் நர்ஸ், வேலை நிச்சயம்" என்று நோட்டீஸ் கொடுத்த ஒரு பயிற்சி மையம். கூட்டத்தில் நானும் இருந்தேன். ஒரு கேள்வியும் கேட்கல. பொண்ணு நல்லா படிச்சு சான்றிதழும் வாங்கினா. அரசு வேலைக்கு மனு போடப் போனப்போ, "நர்சிங் கவுன்சில் பதிவு எண் எங்கே?" என்று கேட்டாங்க. அந்தச் சான்றிதழுக்குப் பதிவே கிடையாது. இன்று அவள் ஒரு கிளினிக்கில் உதவியாளர்.

அம்மா கூலி வேலைக்குப் போய் 24 தவணையும் தவறாமல் கட்டினாங்க. கடைசித் தவணை கட்டின அன்று, "படிச்ச உங்களுக்குமா தெரியல, மேடம்?" என்று கேட்டாங்க. அதற்காகத்தான் இந்தப் பாடம்.

நர்ஸ் ஆக மூன்று வழி

1. ஏ.என்.எம்.: 2 வருடம். ப்ளஸ் டூ தேறியிருக்க வேண்டும். கிராம சுகாதார செவிலியர் வேலைக்கான படிப்பு இது.

2. ஜி.என்.எம். டிப்ளமோ: 3 வருடம். ப்ளஸ் டூவில் இங்கிலீஷ் தேர்ச்சியும் குறைந்தது 40 சதவீத மார்க்கும் வேண்டும். ஸ்டாஃப் நர்ஸ் ஆகலாம். பிறகு 2 வருடம் படித்து பட்டமும் வாங்கலாம்.

3. பி.எஸ்சி. நர்சிங்: 4 வருடம். இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்துப் படித்திருக்க வேண்டும்.

மூன்றுக்கும் வயது 17 நிரம்பியிருக்க வேண்டும். படித்து முடித்ததும் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். பதிவு இருந்தால்தான் நர்ஸ்.

ஆறு மாதம், ஒரு வருடப் படிப்பு எல்லாம் உதவியாளர் பயிற்சி. அதுவும் கௌரவமான வேலைதான். ஆனால் நர்ஸ் படிப்புக்கான பணத்தை அதற்குக் கொடுக்கக் கூடாது.

நம்ம ஊரில் வேலை உண்டா?

உண்டு. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசு கணக்கு. அங்கெல்லாம் நர்ஸ் வேண்டும். அரசு வேலைக்கு ஆள் எடுப்பது 2012-ல் தொடங்கிய மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். ஒன்றை மறைக்காமல் சொல்லணும்: ஸ்டாஃப் நர்ஸ் பலர் முதலில் தொகுப்பூதியத்தில்தான் சேர்ந்தார்கள், நிரந்தரம் ஆக வருடக்கணக்கில் காத்திருந்தார்கள்.

சின்ன ஊர் தனியார் மருத்துவமனையில் வேலை சீக்கிரம் கிடைக்கும், சம்பளம் குறைவு. 50 படுக்கைக்குக் குறைவான இடத்திலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016-ல் மத்திய அரசின் குழு பரிந்துரை செய்தது. பரிந்துரைதான், சட்டம் இல்லை. அதனால் சேரும்போதே சம்பளம், பி.எஃப்., நைட் டியூட்டி பற்றிக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள்.

படிப்பு நமக்கு வயசு கடந்துபோச்சே என்று நினைக்க வேண்டாம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு வீடாகப் போய் பி.பி., சர்க்கரை பார்க்கும் தன்னார்வலர்களாக நம்மைப் போன்ற குழுப் பெண்களைத்தான் எடுத்தார்கள்.

பணம் கட்டும் முன் 4 வேலை

• இ-சேவை மையத்திலோ, பிள்ளைகளின் போனிலோ இந்திய நர்சிங் கவுன்சில் இணையதளத்தைத் திறந்து, பட்டியலில் கல்லூரிப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மாநிலக் கவுன்சிலிலும் விசாரியுங்கள்.

• எந்த மருத்துவமனையில் பயிற்சி என்று கேளுங்கள். முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள்.

• முதலில் அரசுக் கல்லூரிக்கு மனு போடுங்கள். 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்ட உதவி கிடைக்குமா என்று பள்ளியில் கேளுங்கள்.

• வங்கியில் கல்விக் கடன் கேளுங்கள். வங்கிகளின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை நம் பங்குத் தொகையும் சொத்து ஈடும் கேட்பதில்லை. "இந்தக் கல்லூரிக்குக் கடன் தர மாட்டோம்" என்று வங்கி சொன்னால், ஏன் என்று கேளுங்கள். அந்தப் பதிலிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

குழுவில் பேச

1. நம் குழுவில் படிப்புக்குக் கடன் வாங்கியவர் எத்தனை பேர்? அந்தப் பிள்ளைகள் இப்போது என்ன வேலை செய்கிறார்கள்?

2. "கல்லூரி அங்கீகாரத்தைப் பார்த்த பிறகே படிப்புக் கடன்" என்று தீர்மானம் போடலாமா?

கேள்வி கேட்பது கடன் கேட்கும் சகோதரியை அவமானப்படுத்துவது ஆகாது. அன்று நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த 24 தவணை வேறு விதமாகப் போயிருக்கும். அடுத்த கூட்டத்தில் நீங்கள் கேளுங்கள்.

— களப்பணி ஒருங்கிணைப்பாளர்