எல்லை மலைகளின் எழிலும் ஊராட்சியின் கடமையும்

ஓசூர் என்றதும் தொழிற்சாலைகளே நினைவுக்கு வருகின்றன. ஆயினும், கருநாடக எல்லையை ஒட்டிய கிருஷ்ணகிரி மாவட்ட மலைகளில் காணத்தக்கவை பல உள்ளன. மல்லச்சந்திரம் குன்றின்மீது, பெருங்கற்கால மக்கள் இறந்தோர்க்காகப் பலகைக் கற்களால் அமைத்த கல்திட்டைகள் இருக்கின்றன. இராயக்கோட்டை மலைக்கோட்டையை 1791இல் ஆங்கிலப் படை திப்பு சுல்தானிடமிருந்து கைப்பற்றியது. அஞ்செட்டிப் பகுதிக் காடுகளில் யானைகள் இரு மாநிலங்களுக்கும் இடையே சென்று வருகின்றன. 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது.

கல்திட்டையின் ஒரு பலகையைப் படிக்கட்டுக்கென்று பெயர்த்தாலும் மேற்கல் சரிந்துவிடும். பின்னர் அதனை மீட்க இயலாது. ஆகவே, ஊராட்சி உறுப்பினர்கள் இதனைக் கிராம சபையில் எடுத்துரைத்தல் வேண்டும். குடிநீர், கழிப்பிடம், குப்பைத் தொட்டி ஆகியவற்றை மலையடிவாரத்திலேயே அமைக்கலாம். வனத்துறையின் அனுமதியின்றி எவரையும் காட்டுக்குள் அழைத்துச் செல்லலாகாது. காட்சியைக் காத்தாலன்றோ, காண வருவோரால் ஊருக்கு வருவாய் உண்டாகும்!