சிமுலேஷன் கல்வியில் முதுநிலைப் படிப்பு: சேருமுன் செய்ய வேண்டியவை

2019-ல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் ஸ்கில் லேபைக் கட்டாயமாக்கியது. பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்துக்குள்ளும் சிமுலேஷன் வந்துவிட்டது. கல்லூரிகள் லட்சக்கணக்கில் செலவழித்து டம்மிகள் வாங்கின. இன்ஸ்பெக்ஷன் அன்று உறையைக் கழற்றி, மறுநாளே மாட்டிவிடும் இடங்களும் இருக்கின்றன. டம்மி வாங்கக் காசு கிடைத்தது. அதை வைத்துப் பாடம் நடத்தத் தெரிந்த ஆள்தான் கிடைக்கவில்லை.

அப்படிப்பட்ட ஆளை உருவாக்குவதற்கென்றே வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் முதுநிலைப் படிப்புகள் இருக்கின்றன. நர்சிங் டியூட்டர்கள், மயக்கவியல் மற்றும் அவசரப் பிரிவு மருத்துவர்கள், பாராமெடிக்குகள் இதில் சேர்கிறார்கள். சேர நினைப்பவர்கள் எதை எந்த வரிசையில் செய்யலாம் என்று பார்ப்போம்.

முதலில், எதைப் படிக்கப்போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

டம்மியை இயக்குவதும் பழுது பார்ப்பதும் டெக்னீஷியன் வேலை. அதற்குத் தனிச் சான்றிதழே உண்டு. நீங்கள் படிக்கப்போவது கற்பிக்கும் முறையை. இந்தத் துறையின் வரலாற்றிலேயே இது தெரியும். நார்வேயின் ஸ்டவாங்கர் நகரில் பொம்மை செய்துகொண்டிருந்த ஆஸ்முண்ட் லேர்டல் 1960-ல் ‘ரிசஸி ஆன்’ என்ற சி.பி.ஆர். பொம்மையைக் கொண்டுவந்தார். மூன்றே ஆண்டில், 1963-ல், தெற்குக் கலிஃபோர்னியாவில் ஹாவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், பயிற்சி பெற்ற ஒரு நபரை நோயாளியாக நடிக்க வைத்து மாணவர்களைச் சோதித்தார். எந்திரமே இல்லை. 1980-களில் ஸ்டான்ஃபோர்டில் டேவிட் காபா, விமானிகளுக்குத் தரப்படும் நெருக்கடிப் பயிற்சியைப் பார்த்து மயக்கவியலுக்கு ஒரு பயிற்சியை வடிவமைத்தார். சிமுலேஷன் ஒரு கருவியல்ல, ஒரு முறை என்பதை அவர் விடாமல் வலியுறுத்தி வந்திருக்கிறார். அதனால், ‘எங்கள் லேபில் இத்தனை கோடி ரூபாய் உபகரணம்’ என்று தொடங்கும் கல்லூரி விளம்பரத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

இரண்டாவது, விண்ணப்பிக்குமுன் ஒரு கேஸ் நடத்துங்கள்

இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா, பிடிக்காதா என்பதை வேறெதுவும் சொல்லாது. செலவும் அதிகமில்லை.

பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ‘மாமாநாட்டலி’ என்றொரு சாதனம் இருக்கிறது. தாயாக நடிப்பவர் அதை வயிற்றில் கட்டிக்கொள்வார். உள்ளிருக்கும் பையிலிருந்து சிவப்புத் தண்ணீரை வேண்டிய வேகத்தில் வெளியேற்றலாம். அது இல்லையென்றால் யூரின் பேக், டியூப், கொஞ்சம் சிவப்புச் சாயம் போதும். சக டியூட்டர் ஒருவரைக் கட்டிலில் படுக்க வையுங்கள். மூன்று மாணவிகளை உள்ளே அனுப்புங்கள். பத்து நிமிடம் போதும்.

பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்: ஒருவர் கருப்பையை மசாஜ் செய்வார், ஒருவர் பி.பி. பார்ப்பார், ஒருவர் ஆக்ஸிடோசின் எடுக்க ஓடுவார். டாக்டருக்குப் போன் செய்ய மூவருக்கும் தோன்றாது.

கேஸ் முடிந்ததும் வட்டமாக உட்காருங்கள். இதுதான் டீபிரீஃபிங். கேஸ் பத்து நிமிடம் என்றால் இதற்கு இருபது நிமிடமாவது ஒதுக்குங்கள். ‘ஏம்மா, டாக்டரைக் கூப்பிடணும்னு தெரியாதா?’ என்று கேட்டால் ‘சாரி மேம்’ என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். பயிற்சி பெற்றவர் வேறு மாதிரி கேட்பார்:

“அவ்வளவு ரத்தம் போனதுக்கப்புறமும் டாக்டருக்குப் போன் போகலைன்னு கவனிச்சேன். லேட்டானா அம்மா ஷாக்குக்குப் போயிடுவாங்களேன்னு எனக்குக் கவலையா இருந்துச்சு. அந்த நேரத்துல உன் மனசுல என்னம்மா ஓடிச்சு?”

கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள். பொறுத்திருங்கள், அந்த அமைதியை நீங்களே பேசி நிரப்பிவிடாதீர்கள். பிறகு ஒரு பெண் சொல்லுவாள்: “போன வாரம் நைட் டியூட்டில கூப்பிட்டப்போ, இதுக்கெல்லாமா கூப்பிடுவீங்கன்னு டாக்டர் கத்துனாங்க மேம். இன்னும் கொஞ்சம் பார்த்துட்டுக் கூப்பிடலாம்னு நினைச்சேன்.”

இப்போது நீங்கள் நடத்த வேண்டிய பாடமே மாறிவிட்டது. ரத்தப்போக்குக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். சிடுசிடுக்கும் டாக்டரிடம் முப்பது விநாடியில், நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்று வரிசையாகச் சொல்லும் எஸ்பார் (SBAR) முறையில், எப்படித் தெளிவாகச் சொல்லுவது என்பதுதான் தெரியவில்லை. பார்த்ததைச் சொல்லி, தன் கருத்தையும் மறைக்காமல் சொல்லி, பிறகு உண்மையான ஆர்வத்தோடு கேட்கும் இந்த முறையை பாஸ்டனில் உள்ள சென்டர் ஃபார் மெடிக்கல் சிமுலேஷனைச் சேர்ந்த ஜென்னி ருடால்ஃபும் சக ஆய்வாளர்களும் 2006-ல் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். முதுநிலைப் படிப்பில் நீங்கள் மாதக்கணக்கில் பழகப்போவது இதைத்தான். மாணவர் அனுமதியோடு உங்கள் டீபிரீஃபிங்கை வீடியோ எடுத்துப் பாருங்கள். யார் அதிகம் பேசியிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். நீங்கள்தான் என்றால், கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது, பட்டம்தான் வேண்டுமா என்று யோசியுங்கள்

பலருக்கு வேண்டியதில்லை. கல்லூரியில் மாதம் இரண்டு கேஸ் நடத்தினால் போதும் என்பவருக்கு ஒரு நல்ல பயிற்சிப் பட்டறையும், டீபிரீஃபிங்கைப் பார்த்துத் திருத்தும் ஒரு மூத்தவரும் போதும். கொஞ்சம் முறையாகப் படிக்க நினைத்தால் சான்றிதழ்ப் படிப்பு போதும்; அமெரிக்காவின் பாய்சி ஸ்டேட் பல்கலைக்கழகம் அப்படியொன்றை ஆன்லைனில் நடத்திவந்திருக்கிறது. சிமுலேஷன் மட்டுமின்றி மருத்துவக் கல்வி முழுவதிலும் ஆர்வமுள்ளவர்கள் கோவை பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியின் ஃபைமர் ஃபெலோஷிப்பையும் பார்க்கலாம். வேலையை விடாமலே படிக்கலாம்.

சிமுலேஷன் மையத்தை உருவாக்கி நடத்துவது, ஆய்வு செய்வது, பிறகு பிஎச்.டி. என்று திட்டம் இருப்பவர்களுக்குத்தான் முதுநிலைப் பட்டம். ஃபிலடெல்ஃபியாவின் ட்ரெக்ஸல், இங்கிலாந்தின் ஹர்ட்ஃபர்ட்ஷயர், ஓர்லாண்டோவின் சென்ட்ரல் ஃபுளோரிடா ஆகிய பல்கலைக்கழகங்கள் இத்துறையில் தெரிந்த பெயர்கள். ஓர்லாண்டோ ராணுவ சிமுலேஷன் தொழிலுக்கே பேர்போன ஊர். அதன் சாயல் மருத்துவத்திலும் விழுந்திருக்கிறது. இத்தகைய படிப்புகள் பெயர் மாறும், சில ஆண்டு நிறுத்தியும் வைப்பார்கள். விண்ணப்பிக்கும் ஆண்டின் தகவலை அவர்கள் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தப் பட்டம் நோயாளிக்குச் சிகிச்சை தரும் உரிமத்தைத் தராது. இங்கே மருத்துவ, நர்சிங் கல்லூரிகளில் ஆசிரியர் பதவிக்குக் கேட்கும் எம்.டி., எம்.எஸ்சி. நர்சிங் போன்ற தகுதிகளுக்கு மாற்றாகவும் ஆகாது. அவற்றை முடித்த பிறகு கூடுதலாகப் படிப்பதே புத்திசாலித்தனம்.

நான்காவது, ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு மின்னஞ்சல்

கட்டணத்தையும் விசாவையும் எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் இதையும் கேளுங்கள்: ‘நான் டீபிரீஃபிங் செய்வதை ஆசிரியர் ஒருவர் பார்த்து மதிப்பிடுவாரா? எத்தனை முறை? எந்த அளவுகோலை வைத்து?’ டேஷ் போன்ற மதிப்பீட்டுக் கருவியின் பெயரைச் சொல்லி, வீடியோவை எப்படி அனுப்ப வேண்டும் என்றும் விளக்கி பதில் வந்தால் நல்ல இடம். கட்டடத்தின் படங்கள் வந்தால் அடுத்த பெயருக்குப் போய்விடலாம்.

ஆன்லைன் படிப்பென்றால் நேரலை வகுப்பு உண்டா என்று விசாரியுங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை ஆறு மணி என்றால் கோடைகாலத்தில் நமக்கு விடிகாலை மூன்றரை. நைட் டியூட்டி பார்ப்பவர்களுக்கு அதில் பெரிய வித்தியாசம் தெரியாது என்பது வேறு விஷயம்.

ஐந்தாவது, காகிதங்கள்

டிரான்ஸ்கிரிப்ட், ஆங்கிலத் தேர்வு, பரிந்துரைக் கடிதங்கள் என்று வழக்கமான பட்டியல்தான். பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மதிப்பெண்களை ஒரு மதிப்பீட்டு நிறுவனம் வழியாகக் கேட்கும். பரிந்துரைக் கடிதம் டீனிடமிருந்து வருவதைவிட, நீங்கள் பாடம் நடத்துவதை நேரில் பார்த்தவரிடமிருந்து வருவது நல்லது.

ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று விளக்கும் எஸ்.ஓ.பி.யில் ‘சிறு வயதிலிருந்தே சேவை மனப்பான்மை’ என்று தொடங்காதீர்கள். நீங்கள் நடத்திய கேஸை எழுதுங்கள். மாணவி சொன்ன பதிலை எழுதுங்கள். அதற்குப்பின் உங்கள் கல்லூரியில் எதை மாற்ற முயன்றீர்கள், எது நடக்கவில்லை என்று எழுதுங்கள். தேர்வுக் குழு தேடுவது அதைத்தான்.

ஆறாவது, சேர்ந்த பிறகு

கடைசியில் ஓர் ஆய்வோ செயல்திட்டமோ செய்யச் சொல்லுவார்கள். ‘பயிற்சி பிடித்திருந்ததா?’ என்று கேட்டு, ‘பிடித்திருந்தது’ என்று டிக் வாங்கி முடிப்பது சுலபமான வழி. டொனால்ட் கிர்க்பாட்ரிக்கின் நான்கு நிலைகளில் அது முதல் நிலைதான். கற்றார்களா, வார்டில் நடத்தை மாறியதா, நோயாளிக்குப் பலன் கிடைத்ததா என்பவை அதற்கு மேலே இருக்கின்றன. மூன்றாம் நிலையையாவது குறிவையுங்கள். ரத்தப்போக்கு கேஸையே எடுத்தால், பயிற்சிக்கு முன்னும் பின்னும் லேபர் வார்டில் டாக்டரை அழைக்க எவ்வளவு நேரமாகிறது என்று பதிவேட்டிலிருந்து எடுக்கலாம். நெறிமுறைக் குழு அனுமதிக்கு முதல் பருவத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஊர் திரும்பியதும் நிர்வாகத்திடம் பேச ஓர் ஆதாரம் தேவைப்படும். அமெரிக்க நர்சிங் வாரியங்களின் தேசியக் கவுன்சில் 2014-ல் வெளியிட்ட ஆய்வு கைகொடுக்கும். பத்து நர்சிங் கல்லூரிகளில், மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதிவரை சிமுலேஷனாக மாற்றியும் மாணவர்களின் தேர்ச்சியில் குறை இல்லை என்று கண்டது. இதை மேற்கோள் காட்டுபவர்கள் அதன் நிபந்தனையை வசதியாக விட்டுவிடுவார்கள்: அந்தக் கல்லூரிகளில் கேஸ் நடத்தியவர்கள் டீபிரீஃபிங்கில் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள். நிர்வாகத்திடம் நீங்கள் அழுத்திச் சொல்ல வேண்டியது இதைத்தான். புது டம்மி கேட்காதீர்கள். இன்னும் இரண்டு டியூட்டர்களுக்குப் பயிற்சி கேளுங்கள்.

பிறகு, சொசைட்டி ஃபார் சிமுலேஷன் இன் ஹெல்த்கேர் சிமுலேஷன் கல்வியாளர்களுக்கு வழங்கும் சி.எச்.எஸ்.இ. சான்றிதழுக்கும் விண்ணப்பிக்கலாம். அதற்கு இரண்டு ஆண்டுத் துறை அனுபவம் கேட்கிறார்கள். மூன்று ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். இன்றிலிருந்தே நடத்தும் ஒவ்வொரு கேஸையும் தேதி, தலைப்பு, மாணவர் எண்ணிக்கையோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். விண்ணப்பத்தில் அனுபவத்தைக் காட்ட அந்த நோட்டு தேவைப்படும்.