டாலரில் எழுதிய சட்டமும் பவுண்டில் வைத்த பணமும்

கேள்வி:

ஐயா, யாழ்ப்பாணத்தில் பிறந்து, லண்டனைச் சேர்ந்த ஹாரோவில் நெடுங்காலமாக வசித்துவரும் நான் பிரிட்டிஷ் பிரஜை. என் மனைவி பிரிட்டனில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவளாயினும் இலங்கைக் கடவுச்சீட்டையே வைத்திருக்கிறாள். அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் இருக்கும் என் தமையனாருடைய மகளுக்கு விவாகம் நிச்சயமாகியிருக்கிறது. சகோதரிகளும் நானும் சேர்ந்து கொடுக்கும் அன்பளிப்பாக 8,500 பவுண்டை ரொக்கமாகவும், மணமகளுக்கென்று ஒரு தங்கச் சங்கிலியையும் எடுத்துச்செல்ல உத்தேசித்திருக்கிறேன். பத்தாயிரத்துக்கு உட்பட்ட பணத்தை எவருக்கும் அறிவிக்க வேண்டியதில்லை என்றும், ஐயம் இருந்தால் மனைவியும் நானும் பாதிப்பாதியாக வைத்துக்கொள்ளலாம் என்றும் நண்பர்கள் கூறுகிறார்கள். 2023-ல் நான் விடுமுறைக்குக் கியூபா சென்றுவந்தேன். அது இப்போது தடையாகுமா? விவாகம் முடிந்தபின் வாஷிங்டனையும் பாஸ்டனையும் சுற்றிப்பார்க்க, விமானம், விடுதி எல்லாம் சேர்த்து 3,200 பவுண்டுக்கு ஒரு பிரயாண நிறுவனத்தில் பதிவு செய்திருந்தோம். பவுண்டின் மதிப்பு இறங்கிவிட்டதென்று அவர்கள் இப்போது மேலும் 320 பவுண்டு கேட்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா?

— ஒரு வாசகர், ஹாரோ

பதில்:

அன்புடையீர்,

தாங்கள் கேட்டவை வெவ்வேறு விஷயங்களாகத் தோன்றினாலும் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் ஒன்றே: தாங்கள் கடக்கப்போகும் எல்லையில் சட்டம் டாலரில் எழுதப்பட்டிருக்கிறது, தங்கள் பணமோ பவுண்டில் இருக்கிறது, இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள விகிதம் நாள்தோறும் மாறுகிறது. முடிவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். தாங்களும் தங்கள் மனைவியாரும் விசா பெற்றே செல்ல வேண்டும். ரொக்கத்தை அறிவிக்க வேண்டும். அறிவிப்பைத் தவிர்ப்பதற்காக அதைப் பிரித்து வைத்துக்கொள்ளக் கூடாது. 320 பவுண்டைக் கொடுக்கத் தாங்கள் கட்டுப்பட்டவரல்லர்.

முதலில் நுழைவுரிமையைப் பார்ப்போம். அமெரிக்காவின் விசா விலக்குத் திட்டத்தில் முதன்முதலாக 1988-ல் சேர்த்துக்கொள்ளப்பட்ட தேசம் பிரிட்டன்தான். அத்திட்டத்தின்கீழ் பிரிட்டிஷ் பிரஜைகள் விசா இன்றியே 90 நாள்வரை தங்கலாம். 2009-ஆம் ஆண்டு ஜனவரி முதல், புறப்படுமுன் எஸ்டா என்னும் மின்னணு அனுமதியை அவர்கள் பெற்றிருக்க வேண்டும். அதன் கட்டணம் 2010-ல் 14 டாலராக இருந்து, 2022-ல் 21 ஆகி, 2025 செப்டம்பர் இறுதியில் 40 டாலராக உயர்ந்தது. ஆனால் இச்சலுகை பிரஜைக்கு உரியதேயன்றி, பிரிட்டனில் வசிப்பவருக்கெல்லாம் உரியதன்று. ஆகவே இலங்கைக் கடவுச்சீட்டுடைய தங்கள் மனைவியார், பிரிட்டனில் எத்தனை ஆண்டு குடியிருந்தவராயினும், விருந்தினருக்குரிய விசாவையே பெற வேண்டும்.

தங்கள் நிலையும் அதுவே, காரணம் கியூபா. 2015-ல் இயற்றப்பட்ட திருத்தச் சட்டம், ஈரான், இராக், சூடான், சிரியா ஆகிய நாடுகளுக்கு 2011 மார்ச் முதல் தேதிக்குப் பின் சென்றுவந்தவர்களை விசா விலக்கிலிருந்து நீக்கியது. பயங்கரவாதத்துக்கு ஆதரவளிக்கும் நாடென்று கியூபா 2021 ஜனவரி 12-ல் அறிவிக்கப்பட்டபோது, அத்தேதிக்குப் பின் அங்கே சென்றவர்களும் அவ்வரிசையில் சேர்ந்தார்கள். கியூபாவின் கடற்கரைக்கு விடுமுறைக்குச் சென்றுவருவது பிரிட்டனில் சாதாரணமான செயலாதலால், இவ்விதியை அறியாமல் விமானச்சீட்டை வாங்கிவிட்டு வருந்துவோர் உண்டு. இது தண்டனையன்று, விசா கோருவதற்கு எந்தத் தடையும் இல்லை. 185 டாலர் கட்டணம் செலுத்தி, லண்டனிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குத் தாங்கள் இருவரும் விண்ணப்பிக்கலாம். நேர்காணலுக்கு நாள் கிடைப்பதில் தாமதம் நேரக்கூடுமாதலால் இன்றே தொடங்குங்கள்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. கியூபா சென்றதை மறைத்து எஸ்டா விண்ணப்பத்தில் 'இல்லை' என்று விடையளிக்க எவரேனும் ஆலோசனை கூறினால் தயவுசெய்து அதற்குச் செவிசாய்க்க வேண்டாம். நுழைவுரிமை பெறுவதற்காக முக்கியமான உண்மையைத் திரித்துக் கூறியவரை ஆயுள் முழுவதும் அனுமதிக்கலாகாது என்பது அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் பொது விதி. விடுமுறையில் சென்ற பயணத்துக்கு விசா ஒன்றே பரிகாரமாயிருக்க, அதை மறைத்த பொய்யோ தமையனார் குடும்பத்தின் வாயிலையே தங்களுக்கு அடைத்துவிடும். மேலும், விசா விலக்கில் செல்பவர் தம்மைத் திருப்பியனுப்பும் முடிவை எதிர்த்து வழக்காடும் உரிமையை, அடைக்கலம் கோருவது நீங்கலாக, முன்கூட்டியே துறந்துவிடுகிறார். அவருக்குரிய 90 நாளை நீட்டவும் இயலாது. விசாவில் செல்பவரோ, தகுந்த காரணம் இருந்தால், தங்கும் காலத்தை நீட்டிக்க விண்ணப்பிக்கலாம். ஆகவே விசாவுக்குச் செலவிடும் பொருளும் காலமும் வீணாயின என்று தாங்கள் வருந்த வேண்டியதில்லை.

இனிப் பணத்தின் விஷயம். தங்கள் நண்பர்கள் கூறிய 'பத்தாயிரம்' என்ற எண் சரியானதே. அது எந்த நாணயத்தில் என்பதை அவர்கள் விட்டுவிட்டார்கள். பிரிட்டனிலிருந்து வெளியே எடுத்துச்செல்லும் ரொக்கம் 10,000 பவுண்டோ அதற்கு மேலோ ஆனால் பிரிட்டிஷ் சுங்கத் துறைக்கு அறிவிக்க வேண்டும். தங்கள் 8,500 பவுண்டு அதற்கு உட்பட்டதாகையால் புறப்படும் இடத்தில் தங்களுக்குக் கடமையில்லை. ஆனால் அமெரிக்கச் சட்டத்தின் எல்லை 10,000 டாலர். அதற்கு மேற்பட்ட ரொக்கத்தையும், பயணக் காசோலை முதலியவற்றையும், அவை எந்த நாட்டு நாணயத்தில் இருந்தாலும், உள்ளே கொண்டுவருபவர் 105-ஆம் எண்ணுள்ள படிவத்தில் அறிவித்தே தீர வேண்டும். ஒரு பவுண்டு 1.17 டாலராக இருக்கும் நாளில் தங்கள் தொகை 9,945 டாலர், 1.18 ஆகும் நாளில் அதே தொகை 10,030 டாலர். கைப்பையிலிருக்கும் நோட்டு ஒன்றுகூட மாறாதிருக்க, ஒரே ஒரு சென்ட் ஏற்றத்தால் சட்டக் கடமை பிறந்துவிடுகிறது.

பவுண்டின் சரித்திரத்தை நோக்கினால் இக்கூற்றின் முழுப் பொருளும் விளங்கும். 1949 செப்டம்பரில் 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராகவும், 1967 நவம்பரில் அதிலிருந்து 2.40 டாலராகவும் பிரிட்டிஷ் அரசாங்கமே பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. அக்காலத்தில் எல்லையில் பிரயாணியை நிறுத்தியது அவனுடைய சொந்தத் தேசத்தின் சட்டமே: 1966 முதல் அந்தப் பத்தாண்டின் இறுதிவரை, ஸ்டெர்லிங் வட்டாரத்துக்கு வெளியே உல்லாசப் பயணம் போகிறவருக்கு 50 பவுண்டுக்கு ஈடான அந்நியச் செலாவணிதான் கிடைத்தது, 140 டாலராக இருந்த அந்த அளவு 1967-ஆம் ஆண்டின் மதிப்புக் குறைப்பால் 120 டாலராகச் சுருங்கியது. 1979-ல் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகள் அனைத்தும் நீக்கப்பட்டன. அதற்கு முன்பே பவுண்டு சந்தையின் போக்குக்கு விடப்பட்டிருந்தது. 2007 நவம்பரில் அது 2.10 டாலரைத் தாண்டியது. 2022 செப்டம்பர் 26-ல் 1.04 டாலருக்கும் கீழே வீழ்ந்தது. முந்திய நாளில் தங்கள் 8,500 பவுண்டு 17,850 டாலராகி அறிவிப்புக்கு உட்பட்டிருக்கும். பிந்திய நாளில் 9,000 டாலரைக்கூட எட்டியிராது.

ஆகவே எல்லைக்கு அருகிலுள்ள தொகையைக் கொண்டு செல்பவர் விகிதத்தைக் கணக்கிட்டுத் துணிவதைவிட, அறிவித்துவிடுவதே மேல். அறிவிப்பதற்குக் கட்டணம் இல்லை, வரி இல்லை, எவ்வளவு தொகையானாலும் கொண்டுவருவதற்குத் தடையும் இல்லை. சட்டம் கேட்பது உண்மையை மட்டுமே; உண்மையை மறைத்தாலோ பணத்தையே எடுத்துக்கொள்கிறது.

1998-ல் அமெரிக்க உச்சநீதிமன்றத்தில் தீர்ப்பான ஒரு வழக்கை இங்கே நினைவூட்டுவது அவசியம். லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்திலிருந்து மனைவி மக்களோடு சைப்ரஸுக்குப் புறப்பட்ட ஒருவர், தம்மிடம் இருந்த 3,57,144 டாலரை அறிவிக்கவில்லை. அது நேர்மையாக ஈட்டிய பணம். நியாயமான கடனை அடைப்பதற்காகவே கொண்டுசெல்லப்பட்டது. ஆயினும் அரசாங்கம் முழுத் தொகையையும் பறிமுதல் செய்ய முயன்றது. அறிவிக்கத் தவறிய ஒரே குற்றத்துக்காக அவ்வளவையும் எடுத்துக்கொள்வது, மிகையான அபராதத்தைத் தடுக்கும் அரசியலமைப்பு விதிக்கு மாறானது என்று ஐந்து நீதிபதிகள் கூறினர், நால்வர் மறுத்தனர். ஒரே ஒரு நீதிபதியின் வாக்கால் கிடைத்த அந்த நியாயத்தை நம்பி எவரும் எல்லையைக் கடக்கலாகாது. ஏனெனில் 2001-ல் அமெரிக்கக் காங்கிரஸ், அறிவிப்பைத் தவிர்க்கும் நோக்குடன் பணத்தை ஒளித்துக் கொண்டுசெல்வதையே தனிக் குற்றமாக்கி, அதற்கு ஐந்தாண்டு வரை சிறையும் பறிமுதலும் விதித்துவிட்டது.

பாதிப்பாதியாகப் பிரிக்கும் யோசனைக்கு விடை இதிலேயே அடங்கியிருக்கிறது. ஒரே குடும்பமாகச் சென்று ஒரே சுங்க அறிவிப்பைக் கொடுப்பவர்களின் பணம் ஒன்றாகவே எண்ணப்படும். அறிவிப்பிலிருந்து தப்புவதற்கென்றே பிரிப்பது, அதனளவிலேயே சட்டம் தண்டிக்கும் செயலாகும். வஞ்சக எண்ணம் சிறிதுமில்லாத தங்களைப் போன்றோர், நண்பர்களின் நல்லெண்ண ஆலோசனையால் குற்றவாளியின் இடத்தில் நிற்க நேர்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. தமையனாரின் வங்கிக் கணக்குக்கு அத்தொகையை அனுப்பிவிடுவதே எல்லாவற்றிலும் எளிய வழி. வங்கியின் வாயிலாகச் செல்லும் பணத்துக்குப் பிரயாணி 105-ஆம் எண்ணுள்ள படிவத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. கையாலேயே கொடுக்க வேண்டும் என்பது குடும்ப மரியாதையானால், பணம் எடுத்த வங்கிச் சீட்டை உடன் வைத்துக்கொண்டு, முழுத் தொகையையும் அறிவியுங்கள்.

தங்கச் சங்கிலி இச்சட்டம் கூறும் பணத்தில் சேராது. ஆனால் அது தங்கள் மனைவியார் அணிந்துவரும் சொந்த நகையன்று, பிறருக்குக் கொடுக்கப்போகும் அன்பளிப்பு. 72 மணி நேரமாவது தங்கும் வெளிநாட்டு விருந்தினருக்கு அமெரிக்கா அன்பளிப்புப் பொருளுக்கு 100 டாலர் வரையே வரிவிலக்குத் தருகிறது. ஆகவே கடைச் சீட்டைக் காட்டி அதையும் அறிவித்துவிடுங்கள். மனைவியார் அணியும் சொந்த நகைகளுக்கு, அவை பிரிட்டனிலிருந்தே சென்றவை என்று காட்டும் ரசீதோ புகைப்படமோ இருந்தால் திரும்பும்போது கேள்வி எழாது. வரும்போது பிரிட்டன் தரும் சலுகை தலைக்கு 390 பவுண்டு. கணவன் மனைவி இருவருடைய சலுகையையும் ஒரே பொருளுக்குச் சேர்த்துக்கொள்ள இயலாது. தனிப்பொருள் ஒன்றின் விலை அந்த அளவைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமன்றி அதன் முழு விலைக்கும் வரி உண்டு. இங்கும் விகிதமே அளவைத் தீர்மானிக்கிறது: 2.10 டாலர் நாளில் 800 டாலருக்கு மேற்பட்ட பொருளும் சலுகைக்குள் அடங்கும், 1.04 டாலர் நாளில் 406 டாலருக்கு மேல் அடங்காது. அமெரிக்கக் கடைகளில் அட்டையைக் கொடுக்கும்போது, பவுண்டில் கணக்கிடவா டாலரில் கணக்கிடவா என்று கேட்டால், டாலர் என்றே சொல்லுங்கள். பவுண்டு என்றால் விகிதத்தை நிர்ணயிக்கும் உரிமையை வணிகரிடம் ஒப்படைத்தவராவீர்கள்.

இறுதியாகச் சுற்றுலா நிறுவனம். பிரிட்டனின் 2018-ஆம் ஆண்டுத் தொகுப்புப் பிரயாண விதிகளின்படி, நாணய மாற்று விகிதத்தைக் காரணங்காட்டி விலையை உயர்த்துவதற்கு அந்த உரிமை ஒப்பந்தத்திலேயே வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். விகிதம் சாதகமாக மாறினால் விலைக் குறைப்பைப் பெறும் பிரயாணியின் உரிமையும் அதே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். புறப்படுவதற்குக் குறைந்தது 20 நாள் முன்னதாக, காரணத்தையும் கணக்கையும் காட்டி அறிவிக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அவர்கள் கோரிக்கை நில்லாது. எல்லாம் முறைப்படி இருந்தாலும், உயர்வு நூற்றுக்கு 8-ஐத் தாண்டினால் பிரயாணி ரத்துக் கட்டணமின்றி விலகலாம். தங்கள் விஷயத்தில் 8 விழுக்காடு 256 பவுண்டு. அவர்கள் கேட்பதோ 10 விழுக்காடு. ஆகவே உயர்வை ஏற்பதோ, ஒப்பந்தத்திலிருந்து விலகிச் செலுத்திய தொகை முழுவதையும் 14 நாளுக்குள் திரும்பப் பெறுவதோ தங்கள் விருப்பம். முதலில் ஒப்பந்த விதியையும் கணக்கையும் எழுத்துமூலமாகக் கேளுங்கள். அவர்கள் குறிக்கும் கெடுவுக்குள் தங்கள் முடிவையும் எழுத்திலேயே தெரிவியுங்கள். விடையளிக்காமல் இருந்துவிடுவது தங்களுக்கு நன்மை தராது.

செய்ய வேண்டிய வரிசை இதுவே: விசாவுக்கு உடனே விண்ணப்பம், அது கிடைக்கும்வரை திருப்பித்தராத எந்தக் கட்டணத்தையும் செலுத்தாமை, நிறுவனத்துக்குக் கடிதம், பணத்துக்கு வங்கி, கையில் கொண்டுபோவதற்கெல்லாம் ரசீதும் அறிவிப்பும். விகிதம் ஏறுவதும் இறங்குவதும் நம் வசத்தில் இல்லை. கேட்கும் அதிகாரிக்கு உள்ளதை உள்ளபடி சொல்வது முற்றிலும் நம் வசத்தில் இருக்கிறது. அவ்வாறு சொன்னவருடைய பணத்தை அறிவிக்காத குற்றத்துக்காகப் பறிக்க எந்த விகிதமும் இடந்தராது.