தோல் மருத்துவரும் சமூக ஊடகமும்

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என மருத்துவத்தை நான்கு கூறாக்கிக் காட்டும். இந்நான்கினுள்ளும் அடங்காத ஒருவர் இக்காலத்தில் தோன்றியுள்ளார். கைத்தொலைபேசியில் மருத்துவரின் பேச்சைக் கேட்டு, தம் நோய் இன்னதெனத் தாமே துணிந்து, மருந்தும் வாங்கிப் பூசிக்கொள்பவர் அவர். மருத்துவர் அவரைக் கண்டதுமில்லை, தொட்டுப் பார்த்ததுமில்லை. அத்தகையோர் பொருட்டுத் தோல் மருத்துவர்க்குள்ள கடன் யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

ஏனைய மருத்துவரினும் தோல் மருத்துவர்க்கே இவ்வினா மிக நெருக்கமானது. ஈரல் நோயைக் கண்ணாடியில் எவரும் காண்பதில்லை. தோல் நோயோ புறத்தே தெரிவது. முகநூலிலோ யூடியூபிலோ ஒரு படத்தைக் கண்ட மாத்திரத்தே, "எனக்கிருப்பதும் இதுவே" என எவரும் துணியலாம். அத்துணிபு பிழைப்பதும் எளிது.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரித்து நோக்குவோம். கரப்பனும் படர்தாமரையும் தோற்றத்தில் ஒன்றையொன்று ஒத்திருத்தல் உண்டு. இரண்டிலும் தோல் சிவக்கும், செதிலுதிரும், அரிக்கும். கரப்பனுக்கு ஸ்டீரொயிட் சேர்ந்த களிம்பு தக்க மருந்து. படர்தாமரையோ பங்கசினால் வருவது. அதன்மேல் அக்களிம்பைப் பூசினால் முதற் சில நாட்களில் சிவப்பும் அரிப்பும் தணியும்; பூசியவரும் மகிழ்வார். ஆயினும் தணிந்தது உடலின் எதிர்ப்பேயன்றிப் பங்கசு அன்று. அது தடையின்றிப் படரும். வளையம் போன்ற தன் வடிவத்தையும் இழந்துவிடுமாதலின், பின்னர்ப் பார்க்கும் மருத்துவரும் அதனை இனங்காண இடர்ப்படுவர். களிம்பை நிறுத்தியதும் அரிப்பு மீளும். நோயாளி மீண்டும் அதனையே நாடுவார். கரப்பனைப் பற்றி மருத்துவர் சொன்னது முழுதும் உண்மை. கேட்டவர்க்கு விளைந்ததோ கேடு.

ஆதலின் களிம்பின் பெயரைச் சொல்லுமுன், அந்நோய் போலத் தோன்றும் பிற நோய்களைச் சொல்லல் வேண்டும். எத்தனை நாள், உடலின் எப்பகுதியில், எவர் பூசலாகாது என்பனவும் உடன் வருதல் வேண்டும். ஒரு நிமிடப் படத்தில் இவ்வளவும் அடங்காதெனின், மருந்தின் பெயரை விடுத்து, எந்நிலையில் மருத்துவரைக் காணவேண்டும் என்பதை மட்டும் சொல்லுதலே தக்கது.

முகத்தை வெளுப்பிக்கும் பூச்சுக்களைப் பற்றிச் சொல்லாது விடுதல் இயலாது. எம் வகுப்பு மாணவரிடையேயும் இவ்வாசை உண்டு. நிறத்தை ஒரு குறைபாடாக்கியவர் எவரோ, அவரை நான் மன்னிக்க ஆயத்தமில்லை. வீரியமுள்ள ஸ்டீரொயிட் களிம்பை முகத்தில் நெடுநாள் பூசினால் தோல் மெலியும், நுண்குருதிக் குழாய்கள் வெளித்தெரியும், பரு பெருகும். இந்தியாவில் 2018ஆம் ஆண்டு இத்தகைய களிம்புகள் பல மருத்துவர் சீட்டுடன் மட்டுமே விற்கத்தக்கனவாக ஆக்கப்பட்டன. சில பூச்சுக்களிற் கலக்கப்படும் பாதரசமோ சிறுநீரகத்தைத் தாக்குவது. இவற்றை விற்போர் ஓயாது பேசுகின்றனர்; கற்ற மருத்துவர் வாய்மூடியிருத்தல் பொறுப்பாகாது.

நிற்க. நோயாளியின் படத்தை வெளியிடுவது வேறொரு வினா. கண்களின்மேல் கறுப்புக் கோடிட்டால் ஆளை அறியமுடியாது என்பது வெறும் நம்பிக்கை. மச்சம், தழும்பு, பச்சைகுத்து, அணிகலன் எதுவும் காட்டிக்கொடுக்கும். சிறிய ஊரில் சொல்லவே வேண்டா. சிகிச்சைக் குறிப்புக்காகப் படமெடுக்க இசைந்தவர், அதனை உலகறியக் காட்டவும் இசைந்தவராகார். மருத்துவரை நம்பியிருக்கும் நோயாளி மறுக்கக் கூசுவார் ஆதலின், மறுத்தாலும் சிகிச்சை குறையாது என்பதை முன்னரே தெளிவுறுத்தல் வேண்டும். வெளியிட்ட படத்தை மீளப் பெறல் அரிது என்பதையும் மறையாது சொல்லல் வேண்டும். 'முன்னர், பின்னர்' என இரு படங்களை அருகருகே வைப்போர் ஒரே ஒளியில், ஒரே கோணத்தில் எடுத்தனரா என்பதையும் பார்க்க. பக்கத்தொளி பருவின் குழிகளை ஆழமாக்கும். நேரொளி அவற்றை மறைக்கும். மருந்தே இல்லாமலும் முகம் தெளிந்துவிடும்!

பிரித்தானியாவின் பொது மருத்துவ மன்றம் திருத்தி 2024இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த வழிகாட்டல், நோயாளியின் இரகசியம் பேணலையும் பொருளாதாயத்தை மறையாமையையும் வலியுறுத்துகிறது. இந்தியத் தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஓகஸ்டில் வெளியிட்ட விதிகள், விருப்பக்குறிகளை விலைக்கு வாங்குதலையும் தடைசெய்தன. அவை அம்மாதமே நிறுத்திவைக்கப்பட்டன. விதி இருப்பினும் இல்லாவிடினும், களிம்புக் கம்பனியிடம் பணம் பெற்றவர் அதனைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லுதல் நேர்மை.

இன்னொன்று. தோல் நோய்ப் பாடநூற் படங்களுட் பெரும்பாலன வெண்ணிறத் தோலில் எடுக்கப்பட்டவை. சிவப்பென அவை காட்டுவது நம் போன்றோர் தோலில் கபிலமாகவோ ஊதாவாகவோ தோன்றும். தக்க இசைவு பெற்று, கருந்தோலில் இந்நோய்கள் எங்ஙனம் தோன்றுமென நம் தோல் மருத்துவர் தமிழில் காட்டுவாராயின், தம் பிள்ளையின் கையிலுள்ள தழும்பல்லாத கபிலத் திட்டை ஒரு தாய் காலத்தே கண்டு வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வாள்.