ஓட்டு இல்லாதவர் உதவ முடியுமா?

கேள்வி: அமெரிக்காவில் கிரீன் கார்டில் இருக்கிறேன். குடியேறியவர்களின் உரிமைக்கும் வாக்குரிமைக்கும் தன்னார்வலராக உழைக்க ஆசை. செய்யலாமா?
– ஒரு வாசகர், நியூ ஜெர்சி

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் யார் நீட்டினாலும் வாக்காளர் பதிவுப் படிவத்தில் உங்கள் பெயரை எழுதிவிடாதீர்கள். அதில் குடிமகன் என்று பொய்யாகச் சொல்வது, 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாடு கடத்தல் வரை கொண்டுபோய் விடும்.

உங்களுக்கு அதிக வேலை இருப்பது குடியுரிமை விண்ணப்ப முகாம்களில்தான். கிரீன் கார்டுடன் 20 ஆண்டுகள் வாழ்ந்த, 50 வயது நிறைந்தவருக்கு ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. 55 வயதானால் 15 ஆண்டுகளே போதும். வரலாறு, அரசியல் கேள்விகளுக்கு மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தமிழிலேயே பதில் சொல்லலாம். இது தெரியாமலேயே பயந்து ஒதுங்கியிருக்கும் அம்மாக்கள் எத்தனை பேர்! அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, “செனட்டர் பதவி எத்தனை வருஷம்?” “ஆறு வருஷம்” என்று பொறுமையாகப் பழக்குங்கள். சட்ட ஆலோசனையை மட்டும் வழக்கறிஞரிடம் விட்டுவிடுங்கள்.

தேர்தல் நாளிலும் உதவலாம். எழுதப் படிக்க இயலாத வாக்காளர், தாம் நம்பும் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ள வாக்குரிமைச் சட்டத்தின் 208ஆம் பிரிவு இடம் தருகிறது. முதலாளியும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் மட்டும் கூடாது. மாநில விதிகளைத் தேர்தல் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.