திருவுளச்சீட்டும் காலை நடையும்

சிறுவாச்சூர்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடலுழைப்புக் குறைந்துபோன நம்மூர்ப் பெரியவர்கள் சிலரைச் சேர்த்துப் பன்னிரண்டு வாரம் நடக்க வைத்து, நடையினால் சர்க்கரை குறைகிறது என்று நிரூபித்து, இயன்முறை மருத்துவப் படிப்பின் ஆய்வறிக்கையாக அதைக் கல்லூரியில் கொடுக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். எண்ணம் நல்லது. ஆனால் அதே கடிதத்தின் ஓரத்தில், நெடுஞ்சாலைச் சர்வீஸ் ரோட்டில் விடியற்காலையில் நடப்பவர்களையும் நடக்காதவர்களையும் பரிசோதித்து ஒப்பிட்டுவிட்டாலே போதாதா, எதற்கு இத்தனை சிரமம் என்றும் கேட்டிருக்கிறாயே, அந்த ஒரு வினாவுக்கு விடை சொல்லத்தான் உன் சித்தப்பாவாகிய நான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

போதாது, அம்மா. விடியற்காலையில் கேன்வாஸ் ஷூ அணிந்து கையை வீசி நடக்கிறவர்கள் யார் என்று ஒரு நாள் நின்று பார். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள், ஐந்து மணிக்கே டீக்கடை திறக்க வேண்டிய நிர்ப்பந்தம் இல்லாதவர்கள், முழங்கால் வலி வராதவர்கள், உணவு விஷயத்திலும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கிறவர்கள் ஆகியோரே அந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் இருப்பார்கள். நடக்க வராமல் வீட்டில் இருப்பவர்களிலோ, முன்பே மூச்சிரைப்பும் கால் வீக்கமும் கண்டு நடக்க இயலாமற்போனவர்கள் பலர் இருப்பார்கள். இரு சாராருக்கும் இரத்தத்தில் உள்ள சர்க்கரையை அளந்து, நடப்பவர்களுக்குக் குறைவாக இருக்கிறது என்று நீ எழுதினால், நடந்ததனால் ஆரோக்கியம் வந்ததா, ஆரோக்கியம் இருந்ததனால் நடந்தார்களா என்று உன் பேராசிரியர் கேட்கும் முதற் கேள்விக்கே உன்னிடம் பதில் இராது.

இந்தச் சந்தேகம் பெரிய ஆராய்ச்சியாளரையே ஒரு காலத்தில் உறுத்தியிருக்கிறது. 1953-ஆம் ஆண்டு ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவ அறிஞரும் அவருடைய சகாக்களும் லண்டன் நகரத்து மாடிப் பேருந்துகளில் வேலை பார்த்தவர்களை ஆராய்ந்து, இருக்கையை விட்டு எழாத ஓட்டுநர்களைக் காட்டிலும், டிக்கெட் கொடுப்பதற்காக மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்குமாக நாள் முழுவதும் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இருதய நோய் குறைவாக வந்ததை லான்செட் பத்திரிகையில் வெளியிட்டார்கள். தேகாப்பியாசம் இருதயத்தைக் காக்கும் என்ற கொள்கைக்கு அஸ்திவாரம் போட்ட ஆராய்ச்சிகளுள் அது ஒன்று. ஆயினும் நான் மாரிஸை மதிப்பது அதற்காக மட்டுமல்ல. மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவர் செய்த இன்னொரு காரியத்திற்காக அதைவிட அதிகம் மதிக்கிறேன். ஊழியர்களுக்குத் தைத்துக் கொடுத்த சீருடையின் அளவுக் கணக்கை எடுத்துப் பார்த்தார் அவர். ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு நடத்துநர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது, அதுவும் இளம் வயதினரிடையிலேயே அப்படி இருந்தது. அப்படியானால் உட்கார்ந்தே ஓட்டியதனால் மட்டும் நோய் வந்ததென்று எப்படி அறுதியிடுவது? முன்னமே பருத்த உடம்புள்ளவர்கள் ஓட்டுநர் வேலைக்குப் போயிருக்கலாம் அல்லவா? தன் முடிவைத் தானே சந்தேகித்து அந்தச் சந்தேகத்தையும் அச்சிட்டுக் கொடுத்த மனிதர் அவர்.

இந்தச் சிக்கலை அறுக்க மருத்துவ உலகம் கண்ட உபாயம் மிக எளியது: யார் நடப்பது, யார் வழக்கம்போல் இருப்பது என்பதை அவரவர் இஷ்டத்திற்கும் விடாமல், உன் இஷ்டத்திற்கும் விடாமல், சீட்டுக்கு விட்டுவிடுவது. நம் பக்கத்தில் அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போது, கிணற்றடி நிலம் யாருக்கு, மேட்டுக்காடு யாருக்கு என்ற வழக்கு தீர, பங்குகளைச் சமமாக வகுத்தபின் திருவுளச்சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு, ஒன்றுமறியாத குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். குழந்தைக்குப் பெரியப்பன் என்றும் சித்தப்பன் என்றும் தாட்சணியம் கிடையாது. அந்த நியாயந்தான் இங்கும். போதிய எண்ணிக்கையில் மனிதர்களைச் சேர்த்துச் சீட்டினால் இரண்டாகப் பிரித்தால், வயது, முழங்கால் வலி, பெற்றோர் வழி வந்த சர்க்கரை நோய் ஆகிய நமக்குத் தெரிந்த பேதங்கள் மட்டுமின்றி, நம் கண்ணுக்கே எட்டாத பேதங்களும் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாக விழும்; பிறகு முடிவில் தென்படும் வித்தியாசத்திற்கு நடை ஒன்றே காரணம் என்று சொல்ல உனக்கு உரிமை பிறக்கும். இக்காலத்தில் சீட்டைக் கணினி எடுக்கிறது. ஆனால் ஒன்றை மறவாதே: அடுத்த சீட்டு எது என்பது ஆட்களைச் சேர்க்கிற உனக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால், சுறுசுறுப்பான அத்தையை நடக்கும் குழுவிலும் சோம்பலான மாமாவை மற்றதிலும் சேர்க்க உன் கை உன்னை அறியாமலேயே சாயும். ஆகவேதான் சீட்டுகளை ஒட்டிய உறையில் இட்டு வேறொருவரிடம் கொடுத்து வைக்கிறார்கள்.

இது ஏதோ சீமையிலிருந்து வந்த விபரீதம் என்று நம்மூரில் யாராவது சொன்னால், சென்னையைக் காட்டு. 1956-இல் அங்கே தொடங்கிய காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம், 193 நோயாளிகளைச் சீட்டினால் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் படுக்க வைத்தும் மறு பகுதியினரை அவரவர் வீட்டிலேயே இருக்க வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்து, வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தார்கள் என்று 1959-இல் உலகத்துக்கு அறிவித்தது. காசநோயாளிக்கு மாதக்கணக்கில் சானடோரியம் வேண்டும் என்ற நம்பிக்கை அதன்பின் தளர்ந்தது.

உன் விஷயத்துக்கு நேராகப் பொருந்துவதும் சென்னையிலேயே நடந்திருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆராய்ச்சி அது. முடிவு 2006-இல் வெளியாயிற்று. 35 வயதிலிருந்து 55 வயது வரையுள்ள, பெரும்பாலும் அலுவலகங்களில் வேலை பார்க்கும் நடுத்தர வர்க்கத்தினரில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சோதித்து, சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்ற 531 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று நீ கிட்ட இருந்து பார்க்க வேண்டும். வெறும் வயிற்றோடு வந்தவருக்கு முதலில் ஊசி குத்தி இரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்து ஒரு தம்ளரில் கொடுப்பார்கள். குமட்டும் தித்திப்பு அது, சில இடங்களில் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுப்பதும் உண்டு. ஐந்து நிமிஷத்துக்குள் அதைக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் எங்கும் போகாமல் பெஞ்சியில் உட்கார்ந்திருக்க வேண்டும். நடையைப் பற்றிய ஆராய்ச்சியில் அந்த இரண்டு மணி நேரம் மட்டும் நடப்பது குற்றம்! பிறகு எடுக்கும் இரத்தத்தில் சர்க்கரை 140-க்கும் 199-க்கும் இடையில் நின்றால், அவர் இன்னும் நோயாளி அல்லர். ஆனால் நோய் அவரைத் தேடி வந்துகொண்டிருக்கிறது. ஒரு தடவை பார்த்ததை நம்பாமல் மறுதடவையும் சோதித்த பிறகே சேர்த்துக்கொண்டார்கள்.

அவர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும், ஒரு குழுவுக்கு உணவுத் திருத்தமும், உட்கார்ந்த வேலைக்காரராயின் தினம் அரை மணி நேர விரைவு நடையும், ஒன்றுக்கு மெட்பார்மின் மாத்திரை, ஒன்றுக்கு இரண்டும். மூன்று ஆண்டு முடிவில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் நூற்றுக்கு 55 பேரைச் சர்க்கரை நோய் பிடித்துவிட்டது. நடையும் உணவுத் திருத்தமும் கொண்ட குழுவில் அது 39.3, மாத்திரைக் குழுவில் 40.5, இரண்டையும் கொண்ட குழுவில் 39.5. மாத்திரையோடு நடை ஏறக்குறைய சமமாக நின்றதையும், இரண்டையும் சேர்த்ததனால் கூடுதல் லாபம் கிட்டாததையும் கவனித்தாயா? நடந்தவர்களின் உடல் எடை சொல்லும்படி குறையவுமில்லை. எடை குறையவில்லையே என்று பத்தாம் நாளே நடையை விட்டுவிடுகிற நம்மூர் ஆசாமிகளுக்கு இதை நீ எடுத்துச் சொல்லலாம்.

பத்திரிகைக்காரர்கள் இதனை 28.5 சதவிகிதம் குறைவு என்று எழுதுவார்கள். அது பொய்யல்ல, 55-லிருந்து 39.3-க்கு வந்ததை 55-ஆல் வகுத்த கணக்கு. ஆனால் சாமானியருக்குப் புரிய வேண்டியது, நூறு பேர் மூன்று ஆண்டு முயன்றால் ஏறத்தாழப் பதினாறு பேர் தப்பினார்கள் என்பதே. மற்றவர்களில் நாற்பது பேரளவுக்கு நடந்தும் நோய் வந்தது. நடந்தால் நோய் வராது என்று சத்தியம் செய்து கொடுக்கிறவரை நம்பாதே.

இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. இந்த ஆராய்ச்சியில் உணவும் நடையும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருப்பதால், புண்ணியம் எதனுடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதைப் பிரித்துப் பார்த்தவர்கள் சீனத்து டாச்சிங் நகரத்தார். 1986-இல் 577 பேரைக் கொண்டு தொடங்கி ஆறு ஆண்டு நடத்தினார்கள். சும்மா இருந்தவர்களில் நூற்றுக்கு 67.7 பேருக்கும், உணவை மட்டும் திருத்தியவர்களில் 43.8 பேருக்கும், தேகப்பயிற்சி மட்டும் செய்தவர்களில் 41.1 பேருக்கும் நோய் வந்தது. அவர்கள் ஆளுக்கு ஆள் சீட்டுப் போடாமல் 33 மருத்துவ நிலையங்களுக்குச் சீட்டுப் போட்டு, ஒரு நிலையத்துக்கு வருகிறவர்கள் அனைவருக்கும் ஒரே முறையைக் கொடுத்தார்கள்.

அவ்வாறு செய்ததன் அருமை நம்மூரில் உனக்கு உடனே விளங்கிவிடும். மருந்து ஆராய்ச்சியென்றால் போலி மாத்திரை கொடுத்து யார் எந்தக் குழு என்பதை மறைக்கலாம். போலி நடை என்று ஒன்று உண்டா? மேலத்தெருப் பெரியம்மா நடக்கும் குழுவில் இருந்து, எதிர்வீட்டு அம்மாள் நடக்காத குழுவில் இருந்தால், மூன்றாம் நாளே துணைக்கு அவரும் கிளம்பிவிடுவார். உன் ஒப்பீடு தெருவோடு போய்விடும். எனவே ஊருக்கு ஊர் சீட்டுப் போடு: சிறுவாச்சூர் ஒரு சீட்டு, செட்டிகுளம் ஒரு சீட்டு, பாடாலூர் ஒரு சீட்டு என்று ஊர்களைப் பெருக்கிக்கொள். கேரளத்தில் நெய்யாற்றின்கரை தாலுகாவில் அறுபது வாக்குச்சாவடிப் பகுதிகளைச் சீட்டினால் பிரித்து 1,007 பேரைக் கொண்டு இப்படித்தான் நடத்தினார்கள். அக்கம்பக்கத்தாரே ஒருவருக்கொருவர் வழிகாட்டும் ஏற்பாடு அது. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அந்த ஏற்பாடு நடந்த பகுதிகளில் 14.9 சதவிகிதத்தினருக்கும், மற்றவற்றில் 17.1 சதவிகிதத்தினருக்கும் நோய் வந்திருந்தது. இந்த அற்ப வித்தியாசம் தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பதை மறைக்காமல் 2018-இல் வெளியிட்டார்கள். சென்னை ஆராய்ச்சியை மனப்பாடம் செய்கிற மாணவர்கள் கேரளத்து ஆராய்ச்சியையும் படிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கிராமத்துக்கு அதுவே நெருங்கியது.

பாதியில் நின்றுவிடுகிறவர்களை என்ன செய்வாய்? முதல் வாரம் இருபது பேர் வருவார்கள். மக்காச்சோளக் கதிர் அறுப்பு வந்ததும் பாதிப்பேர் காணாமற்போவார்கள். விடாமல் நடந்தவர்களை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டால், மறுபடியும் சர்வீஸ் ரோட்டு மனிதர்களிடமே வந்து சேர்ந்தாய் என்று பொருள். சீட்டு யாரை எந்தக் குழுவில் வைத்ததோ, அவர் ஒரு நாளும் நடக்காவிட்டாலும், கணக்கு முடிகிறவரை அந்தக் குழுவிலேயே அவரை வைக்க வேண்டும். முதலில் இது அநியாயமாகத் தோன்றும். ஆனால் நடைத் திட்டத்தை ஓர் ஊருக்குக் கொடுத்தால் என்ன நேரும் என்பதுதான் உன் கேள்வி என்றால், விட்டு விலகுவதும் நேர்வதில் ஒரு பகுதிதானே!

உடலுழைப்புக் குறைந்தவர் என்று நீ யாரைச் சொல்கிறாய் என்பதிலும் எனக்கு ஐயம் உண்டு. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷ மிதமான உழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஆனால் வெங்காயப் பட்டறை ஓரத்தில் காலை முதல் பொழுது சாயும் வரை குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அரிவாள்மணையில் காய்ந்த தாளை அரிந்து அரிந்து கூடையில் போடுகிற பெண்ணை நீ கேட்டால், ‘நாள் பூரா வேலைதானே கண்ணு’ என்பார். கை ஓயாது உழைக்கிறது; கால் நாள் முழுதும் அசையவில்லை. முன்பு இரண்டு மைல் நடந்து கொல்லைக்குப் போன சம்சாரி இன்று மோட்டார் சைக்கிளில் வரப்பு வரை போய் இறங்குகிறார். ‘விவசாயி’ என்று உன் படிவத்தில் எழுதியதும் உழைப்பாளி ஆகிவிடுவார். நகரத்துக்காரர்களுக்கென்று எழுதிய கேள்வித்தாளை அப்படியே வாசிக்காமல், வேலையின்போது, போக வர, ஓய்வின்போது என்று பிரித்துக் கேட்டு, எத்தனை நேரம் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் குறித்துக்கொள்.

பன்னிரண்டு வாரத்தில் யாருக்குச் சர்க்கரை நோய் வந்தது, வரவில்லை என்று பார்க்க முடியாது. 531 பேரும் மூன்று ஆண்டும் வேண்டியிருந்ததை மேலே சொன்னேன். அந்தக் காலத்துக்குள் மாறக்கூடியதை அள: மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, இடுப்பளவு, முப்பது மீட்டர் சமதளத்தில் ஆறு நிமிஷத்தில் ஒருவர் நடக்கும் தூரம். அளப்பவருக்கு, எதிரில் நிற்பவர் எந்தக் குழு என்று தெரியாமலிருக்கட்டும். எதை அளக்கப் போகிறாய் என்பதை முதல் ஆளைச் சேர்க்குமுன்பே எழுதி, 2007 முதல் நம் நாட்டில் இருக்கும் மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் பதிந்துவிடு. முடிவு பிடிக்காமற்போனால் கேள்வியை மாற்றிக்கொள்ளும் சபலத்துக்கு அதுவே கடிவாளம். கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதியும், ஒவ்வொருவரும் தமிழில் படித்துக் கையெழுத்திட்ட ஒப்புதலும் இல்லாமல் யாரையும் ஓரடி நடக்கச் சொல்லாதே. நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ உண்டென்று சொல்கிறவரை முதலில் மருத்துவரிடம் அனுப்பு. நடக்காத குழுவினருக்கும், ஆராய்ச்சி முடிந்தபின் அதே பயிற்சியைச் சொல்லிக் கொடுப்பதாக வாக்களித்து, அதை நிறைவேற்று.

சோதனை நாளை மட்டும் திங்களிலும் வெள்ளியிலும் வைக்காதே. மதுரகாளியம்மன் கோயில் நடை திறக்கும் அந்நாட்களில் வெறும் வயிற்றோடு உன்னிடம் வர நம்மூரில் யாருக்கும் ஒழியாது. வெளியூர்க் கூட்டத்தில் முப்பது மீட்டர் சமதளமும் உனக்குக் கிடைக்காது. செவ்வாயோ புதனோ வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தை விடியற்காலையில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கு. தலைமையாசிரியரிடம் நான் பேசிவைக்கிறேன். அளவு நாடாவும் எடை பார்க்கும் கருவியும் நீ கொண்டு வா.

அன்புள்ள,
சித்தப்பா